எட்டிப் பார்க்கும் கேமராவும் எங்கள் கேஜ் கல்லும்

ஆற்றின் குறுக்கே ஷட்டர்களோடு நிற்கும் எங்கள் ரெகுலேட்டர் தூணில் இப்போது ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். மேலே சோலார் தகடு, கீழே ஒரு கண். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அதுவே பார்த்து, அதுவே ஆபீசுக்குச் சொல்லிவிடுகிறது. டீ கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை, கரையில் போகிறவர்களை வம்புக்கு இழுப்பதும் இல்லை. அந்த மூன்றையும் நான் குறைவில்லாமல் செய்தேன்.

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் மகேஸ்வரி போன வாரம் வந்தாள். "இந்தப் பெட்டி இல்லாத காலத்துல எப்படிம்மா அக்கரைக் கல்லப் படிச்சீங்க?" என்று கேட்டாள். கேமராவில் படித்தேன் என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் உண்மை சொன்னால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது என் முகத்தின் கோளாறு. கடைசியில் ஓய்வு பெற்றவர்கள் மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். நான் படித்தது ஐந்தாவது. நாலாவதை இரண்டு தரம் படித்ததால் மொத்தம் ஆறு வருஷப் படிப்பு. அதை வைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் மகேஸ்வரி பொறுப்பு.

என்னுடையது வாரிசு வேலை. என் வீட்டுக்காரர் அதே ரெகுலேட்டரில் லஸ்கராக இருந்தார். ஷட்டரை ஏற்றி இறக்குவது, தண்ணீர் அளவை எழுதுவது, கரையைப் பார்த்துக்கொள்வது, இதுதான் லஸ்கர் வேலை. அவர் காலமான பிறகு எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் ஷட்டர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். கைப்பிடி அசையவில்லை. நான்தான் தரையிலிருந்து அரை அடி மேலே போனேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கைப்பிடியை விடவில்லை. ஒரு மாதத்தில் சுற்றக் கற்றேன், மூன்று மாதத்தில் திட்டக் கற்றேன். அதன் பிறகு வேலை சுலபமாக இருந்தது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழம்பும். திருவாரூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ரெகுலேட்டர். அங்கிருந்து பார்த்தால் ஆறு வலது பக்கம் வளைந்து போகும். அந்த வளைவின் அக்கரையில் ஒரு கல் நட்டிருக்கிறது. அதுதான் தண்ணீர் அளவைக் காட்டும் கேஜ் கல். அதில் கறுப்புக் கோடுகளும், மேலே ஒரு சிவப்புக் கோடும் இருக்கும். கல்லின் முகம் எங்களைப் பார்த்துத்தான் இருக்கிறது. அக்கரையில் நிற்பவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். சுற்றிலும் தாழம்புதர். வெள்ளக் காலத்தில் எவரும் அங்கே இறங்க முடியாது.

அந்தக் கல்லுக்குப் பின்னால், கரைக்குக் கீழே, கீழ்ப்படுகை ஊர். கரை உடைந்தால் முதலில் வீடுகள் போகும். இக்கரையில் மேல்படுகை, எல்லாம் வயல். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வடிகால் ஷட்டரைத் திறக்க வேண்டும். திறந்தால் கீழ்ப்படுகை தப்பிக்கும், ஆனால் வடிகால் நிரம்பி மேல்படுகை நடவு முழுகும். அதனால் எங்கள் ஊரில் ஒரு விரல் தண்ணீர் என்பது சின்ன விஷயம் இல்லை. கீழ்ப்படுகைக்காரர் கண்ணுக்குத் தண்ணீர் எப்போதும் சிவப்புக்கு மேலே இருக்கும். மேல்படுகைக்காரர் கண்ணுக்கு எப்போதும் நாலு விரல் கீழே இருக்கும். என் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எழுதிவிட்டு வருவார்.

அந்த முறையை ஒழித்தவர் எங்கள் செக்‌ஷனுக்கு வந்த இன்ஜினியர் சகாயராஜ் சார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர். என் பெரிய மகன் வயதுதான் இருக்கும். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. கேள்வி கேட்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தாலே நாம் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அர்த்தம். நாம் செய்தது தப்பென்றால் தப்பு என்று சொல்ல மாட்டார். "சரி, மறுபடி" என்பார். அவ்வளவுதான். அந்த "மறுபடி"யைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்திலும் கேட்க ஆரம்பித்தது.

வந்த வாரமே என் பதிவேட்டைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தனபாக்கியம்மா, இந்த அளவெல்லாம் எப்படிப் பாத்தீங்க?"

"கண்ணாலதான் சார்."

"அக்கரைக் கல்லு கோடு இங்கேருந்து தெரியுதா?"

"தெரியாது சார். ஆனா எழுதணும்ல."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்தார். பறவை படம் எடுப்பதற்காக அவரே வைத்திருந்தது, அவர் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். பட்டனை அழுத்தினார். உள்ளேயிருந்து ஆமைத் தலை மாதிரி ஒரு குழாய் நீண்டது. அதற்குள்ளிருந்து இன்னொன்று, அதற்குள்ளிருந்து இன்னொன்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுக்கு வெக்கமே இல்லையா சார், இப்படி எட்டிப் பாக்குது?" என்றேன். "எட்டிப் பாக்கத்தான் வாங்கினது" என்றார்.

செல்போனில் கேமரா வந்துவிட்ட காலம்தான் அது. ஆனால் போனில் பெரிதாக்கிப் பார்த்தால் கல்லும் கோடும் கரைந்து கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இது அப்படி இல்லை. அக்கரையில் மேயும் ஆட்டின் தாடியில் எத்தனை முடி என்று எண்ணலாம். எண்ணியிருக்கிறேன்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று பயந்தேன். அவர் சொன்னார், "எழுத்தே வேணாம்மா. எல்லாம் படம்தான்." உண்மைதான். மேலே ஒரு சுற்று வளையம், விரலால் இடமும் வலமும் தள்ளுவது. ஒரு பக்கம் மூன்று மரம் போட்டிருக்கும், மறு பக்கம் ஒற்றை மரம். மூன்று மரப் பக்கம் தள்ளினால் ஆறு முழுவதும் தெரியும். ஒற்றை மரப் பக்கம் தள்ளினால் ஒரே ஒரு பொருள் பக்கத்தில் வந்து நிற்கும். பூப் படம் என்றால் கிட்டத்தில் இருப்பது. மின்னல் என்றால் விளக்கு. குப்பைத்தொட்டி என்றால் அழிப்பது. ஓடும் ஆள் என்றால் அழுத்திப் பிடித்தால் படபடவென்று வரிசையாகப் படம் எடுக்கும். கடிகாரம் என்றால் அழுத்திவிட்டுக் காத்திருப்பது, கை படாமல் அதுவே எடுத்துக்கொள்ளும். படிக்காதவர்களுக்கென்றே செய்த பொருள் அது. படித்தவர்களுக்குத்தான் குழப்பம்.

கேமராவை என்னிடமே கொடுத்துவிட்டு அவர் வைத்த விதி நாலைந்து. காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. ஷட்டர் மேடைக் கட்டைச் சுவரில் ஒரு மணல் பையை வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். பட்டனைப் பாதிதான் அழுத்த வேண்டும். கல்லைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வந்து, பீப் என்று ஒரு குஞ்சு கத்தும். அதன் பிறகு மீதியை அழுத்த வேண்டும். ஜூம் போகும்போது ஓரத்தில் ஒரு கோடு வளரும். அந்தக் கோட்டின் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

"தாண்டினா என்ன சார், இன்னும் கிட்ட வருதே?"

"அது வரைக்கும் கண்ணாடி பாக்குது. அதுக்கு மேல மிஷினு தானா கற்பனை பண்ணிக்குது."

"நம்ம வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். அன்றுதான் அவர் உதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் வந்து படங்களைப் பார்ப்பார். முக்கோணம் போட்ட பட்டனை அழுத்தி, படத்தைப் பெரிதாக்கி, தண்ணீர் கல்லைத் தொடும் இடத்தில் சுண்டுவிரல் நகத்தை வைப்பார். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதியும் நேரமும் இருக்கும். அதையும் என் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். முதல் மாதம் முழுக்க "சரி, மறுபடி"தான். ஒரு நாள் வெயிலில் மின்னல் போட்டு எடுத்தேன். ஒரு நாள் பூப் படத்தில் வைத்து எடுத்தேன். ஒரு நாள் கடிகாரத்தை அழுத்திவிட்டு, எப்போது எடுக்கும் என்று முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். அன்றைய காலை அளவு என் மூக்குத்துவாரம்.

கற்ற பிறகு அந்தக் கேமராவை வைத்து நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. மேல்படுகை கோவிந்தராசு அண்ணன் பெரிய மனிதர், அவர் வார்த்தைக்கு ஊரில் மதிப்பு. ஒரு நண்பகலில் அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முறை வராத மடையில் காலால் மண்ணைத் தள்ளித் தன் வயலுக்குத் தண்ணீர் விட்டார். ஓடும் ஆளைப் போட்டு அழுத்திப் பிடித்தேன். பன்னிரண்டு படம். மாலையில் அவரிடம் காட்டினேன்.

"பாருங்கண்ணே, கால் எடுத்தீங்க, வச்சீங்க, எடுத்தீங்க. பரதநாட்டியம் எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"அழிச்சிடு தங்கச்சி."

"மடைய அடைச்சிட்டு வாங்க, குப்பைத்தொட்டிய நீங்களே அமுக்கலாம்."

அடைத்துவிட்டு வந்தார். பன்னிரண்டு தடவை அவரையே அமுக்க வைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். அன்று நான் செய்த தப்பை வேறு ஊரில் எவரும் செய்திருக்க மாட்டார்கள் என்று சார் பிற்பாடு சொன்னார். இருக்கலாம்.

ஆயுத பூஜை அன்று. ரெகுலேட்டர் ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டு, ஷட்டர் கைப்பிடி, கிரீஸ் டப்பா, மண்வெட்டி, டார்ச், விசில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். நடுவில் கேமரா. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கேமராவுக்கு எங்கே வைப்பது? மூடிக் கிடக்கும்போது அதற்கு முகமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கா பொட்டு வைப்பார்கள்? பட்டனை அழுத்தினேன். ஆமைத் தலை வெளியே வந்தது. இமை திறந்தது. நடுக் கண்ணாடியில் மோதிர விரலால் கொழகொழவென்று ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். அழகாக இருந்தது. பிறகு பட்டனை அழுத்தினேன். தலை உள்ளே போனது, இமை மூடிக்கொண்டது. சூடம் காட்டிக் கும்பிட்டேன். பொரி கடலை தின்றேன்.

மதியம் இரண்டு மணிக்குச் சார் போன் செய்தார். மழைச் சத்தத்தில் குரல் விட்டு விட்டு வந்தது.

"மேலேருந்து கூடுதலாத் தண்ணி விட்டிருக்காங்கம்மா. நான் இங்க ஒரு உடைப்புல நிக்கிறேன், வர சாயங்காலம் ஆயிடும். சிவப்பத் தொட்டா என்னக் கேக்காமலே திறந்துடுங்க. தொடலன்னா யார் சொன்னாலும் திறக்காதீங்க. ஒவ்வொரு கால் மணிக்கும் படம் எடுங்க."

"சரி சார்" என்றேன். வெளியே வந்து பார்த்தேன். ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு வந்துகொண்டிருந்தது. முதலில் கீழ்ப்படுகை அஞ்சலை ஓடி வந்தாள். அவள் வீடு கல்லுக்கு நேர் பின்னால், கரையின் அடியில் இருக்கிறது. பின்னாலேயே நாலைந்து பேர். அவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு மேல்படுகையிலிருந்து கோவிந்தராசு அண்ணனும் ஆட்களோடு வந்துவிட்டார். அவர் நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பயிர் இரண்டு நாள் முழுகினால் அழுகிவிடும்.

"அக்கா, திறங்க. சிவப்பு முழுவிடுச்சு" என்றாள் அஞ்சலை.

"எங்கடி முழுவிடுச்சு? நாலு விரல் கெடக்கு" என்றார் அண்ணன்.

"உங்க கண்ணுல பூ விழுந்திருக்கு."

"உன் கண்ணுல ஆறே விழுந்திருக்கு."

"ரெண்டு பேர் கண்ணும் வேணாம், என் கேமரா கண்ணு இருக்கு" என்று உள்ளே போனேன். அப்போதுதான் அடுத்த சங்கடம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. இரண்டு ஊரும் அதுவரை எதிலுமே ஒத்துப்போனதில்லை. இதில் ஒத்துப்போனது. "வச்ச ஆயுதத்த எப்படி எடுக்கிறது?" என்று இரண்டு பக்கமும் யோசித்து நின்றது. நான் சூடத் தட்டைச் சுற்றி, "தாயே, ஆறு லீவு போடல, நான் எப்படிப் போடறது?" என்று சொல்லிவிட்டுக் கேமராவையும் விசிலையும் எடுத்தேன்.

பட்டனை அழுத்தினேன். கர்ர்ர் என்றது. தலை பாதி வந்தது, இமை திறக்கவில்லை. பல் விளக்காதவன் வாய் மாதிரி ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாருக்குப் போன் போட்டேன்.

"சார், கேமரா கண்ணு திறக்கல."

"என்ன பண்ணீங்க?"

"பொட்டு வச்சேன் சார்."

"எங்க?"

"கண்ணுல."

அங்கே அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"சரி. பேட்டரியக் கழட்டி மறுபடி போடுங்க. கோழி இறகு இருக்கா? இமை ஓரத்துல மெதுவாத் தள்ளுங்க. தண்ணி மட்டும் விடாதீங்க. உள்ள இருக்கிற கண்ணாடிய மெல்லிசுத் துணியால வட்டமா, அமுக்காம."

அஞ்சலை கோழியைத் தேடி ஓடவில்லை, காது குடைய அவள் இடுப்பில் செருகியிருந்த இறகையே கொடுத்தாள். குனிந்து இமையை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சந்தனம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு ஊரும் என் தலைக்கு மேல் தலை வைத்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அண்ணன் தோளில் கிடந்த பழைய துண்டு நுனியால் துடைத்தேன். பட்டனை அழுத்தினேன். இமை முழுதாகத் திறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிரசவம் பார்த்தவள் மாதிரி பெருமையாக இருந்தது எனக்கு.

மூன்று மரத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். ஆறு, வானம், தாழம்புதர் எல்லாவற்றின் நடுவிலும் ஒரு சிவப்புத் தீற்றல். குங்குமம் எண்ணெய்ப்பசையோடு கண்ணாடியில் பரவியிருந்தது.

"பாத்தீங்களா, எல்லாம் சிவப்பு! தொட்டுடுச்சு!" என்றாள் அஞ்சலை.

"வானங்கூடத்தான் சிவப்பா இருக்கு. வானமும் முழுவிடுச்சா?" என்றார் அண்ணன்.

மறுபடி துடைத்தேன், அது இன்னும் பரவியது. வேறு வழியில்லாமல் ஒற்றை மரப் பக்கம் தள்ளினேன். ஒரு ஆச்சரியம். கல் கிட்டே வர வர அந்தத் தீற்றல் கரைந்து, பனி மாதிரி லேசாக எங்கும் படர்ந்துவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கல் தெரிந்தது. கோடு தெரிந்தது. தடுப்பு வந்ததும் விரலை நிறுத்தினேன். மணல் பையில் அழுத்தினேன். கடிகாரத்தில் இரண்டு விநாடி வைத்தேன். "யாரும் மேடையில அசையாதீங்க, தும்மல் வந்தா ஆத்துல குதிச்சிடுங்க" என்றேன். பாதி அழுத்தினேன், குஞ்சு கத்தியது, மீதியை அழுத்திக் கையை எடுத்தேன். படம் வந்தது. பெரிதாக்கிச் சார் மாதிரியே நகத்தை வைத்தேன்.

சிவப்புக்கு மூன்று விரல் கீழே.

"திறக்க மாட்டேன்" என்றேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அஞ்சலை அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்காக இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று சுற்றியதில், தவறி ஓடும் ஆளில் வைத்துவிட்டேன். படபடவென்று ஏழெட்டுப் படம் விழுந்தது. குப்பைத்தொட்டியில் போடலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

முதல் படத்தில் கல்லுக்கு இடது பக்கம் ஒரு செவ்வந்திப் பூ மிதந்தது. யாரோ பூஜைப் பூவை ஆற்றில் விட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் கரைக்குக் கிட்டே வந்தது. மூன்றாவதில் இந்தப் பக்கம் திரும்பியது. நாலாவதில் அந்தப் பக்கம். ஐந்தாவதில் இல்லை. ஆறு ஓடுகிற பக்கம் போகவில்லை. அங்கேயே இல்லாமல் போய்விட்டது.

மறுபடி ஓடும் ஆளைப் போட்டுக் காத்திருந்தேன். ஒரு வாழைச்சருகு வந்தது. அதே இடத்தில் சுற்றியது. அதே இடத்தில் மறைந்தது.

"அண்ணே, இங்க பாருங்க. இது என்ன?"

அண்ணன் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "நண்டு வளை" என்றார். "கரை தண்ணி குடிக்குது."

அவ்வளவுதான், எல்லாச் சண்டையும் நின்றுவிட்டது. தண்ணீர் சிவப்பைத் தொடவே வேண்டாம். அந்த ஓட்டை பெரிதானால் இன்னும் ஒரு மணி நேரத்தில் கரை போய்விடும். அஞ்சலை வீடு அதற்கு நேர் பின்னால். அவள் கோவிந்தராசு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்களுக்கு என்ன, கரை உடைஞ்சா ஆத்துல தண்ணி இறங்கிடும். உங்க நடவு பொழைச்சுக்கும்."

அது உண்மை. எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஓட்டையை அடைத்தால் தண்ணீர் சிவப்பை நோக்கி ஏறும், அண்ணன் வயலுக்குத்தான் ஆபத்து. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வாய மூடிகிட்டு சாக்கு எடுடி" என்றார். "ஏய், என் வைக்கோல் போரப் பிரிச்சு வண்டியில ஏத்துங்கடா."

பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள், இரண்டு ஊர்க்காரர்களும். போகும்போது அண்ணன் திரும்பிப் பார்த்தார். "கல்லு முதுகுதான் எங்களுக்குத் தெரியும். சிவப்பத் தொட்டா ஒரே விசில், நீளமா. இறங்கினா மூணு விசில்" என்றார்.

நான் மேடையில் தனியாக உட்கார்ந்தேன். ஒற்றை மரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, களிமண்ணில் புரட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மூங்கில் குத்தினார்கள். மண் மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அஞ்சலை கொடுத்த மூட்டையை அண்ணன் வாங்கினார். இருவர் வாயும் ஓயவில்லை, சண்டைதான், ஆனால் கை நிற்கவில்லை. அடுத்த செவ்வந்திப் பூ வந்தது. அந்த இடத்தில் தயங்கியது. பிறகு நேராக ஆற்றோடு போய்விட்டது.

கரை நின்றது. தண்ணீர் ஏறியது.

கால் மணிக்கு ஒரு படம். இரண்டு விரல். அடுத்த படம், ஒன்றரை. அடுத்தது ஒரு விரல். கைப்பிடியை ஷட்டரில் மாட்டி வைத்தேன். அக்கரையில் எல்லோரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் அண்ணன் முகம் தெரியும். தன் நடவை மூழ்கடிக்கப்போகிற கரையைத் தானே அடைத்துவிட்டு, என் விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை கிட்டத்தில் ஒருவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கல்லுக்கே திருப்பிக்கொண்டேன்.

அரை விரல். அடுத்த படத்திலும் அரை விரல். அதற்கடுத்த படத்திலும்.

பிறகு பாதி அழுத்திப் பச்சைக் கட்டம் வந்து நிற்கும்போது, சிவப்புக்குக் கீழே ஈரமாக ஒரு பட்டை பளபளத்தது. கல் தண்ணீரிலிருந்து எழுந்திருந்தது. தண்ணீர் சிவப்புக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. நான் கத்திவிட்டேன். கத்தியதில் படம் ஆடிப்போனது. விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தேன். சந்தோஷத்தில் எத்தனை என்ற கணக்கே மறந்துவிட்டது. மூச்சு தீரும் வரை ஒரே ஊதலாக ஊதினேன்.

ஊதி முடித்துவிட்டுக் கேமராவில் பார்த்தால், அண்ணன் தலையில் கை வைத்துக் குனிந்துவிட்டார். அஞ்சலை அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஐயோ பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு, ஊது, நிறுத்து, ஊது, நிறுத்து, ஊது என்று மூன்று. பத்தாது என்று மறுபடி மூன்று. இன்னும் ஒரு மூன்று. அவர் தலை மெதுவாக நிமிர்ந்தது. விரல் விட்டு எண்ணினார். அதன் பிறகு நடந்ததற்கு ஓடும் ஆளைத்தான் போட வேண்டியிருந்தது.

மாலை சார் வந்தார். முட்டி வரை சேறு. முதலில் பாலத்தைச் சுற்றிப் போய் அடைப்பைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மணல் பை மேல் உட்கார்ந்து, படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூவைப் பார்த்தபோது இரண்டு தரம் முன்னும் பின்னும் தள்ளினார். ஆடிப்போன படம் வந்தது. அடுத்த படம் வந்தது. அதில் கல்லே இல்லை. கோவிந்தராசு அண்ணன் மட்டும். வேட்டியை மடித்துக் கட்டி, காலிச் சாக்கைத் தலைக்கு மேல் சுழற்றி, ஒரு கால் தரையில், ஒரு கால் ஆகாயத்தில்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"இதுல அளவு எங்கம்மா?"

"அவரு மூஞ்சியப் பாருங்க சார்."

வெகு நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டை வாங்கி, அந்த நேரத்துக்கு எதிரே, நான் பார்த்துச் சொன்னபடி, சிவப்புக்கு ஒரு விரல் கீழே என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.